அம்மாவின் கழுத்தில் வலிக்காத கட்டி

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. உனக்கு அப்பாவாகப் போகிறவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. போன மாதம் பள்ளிக்கூடத்தில், வெளியூர் போகும் மகனுக்குப் பெற்றோர் எழுதுவது போல ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னார்கள். நன்றாகப் படி, கெட்ட சகவாசம் வைக்காதே, எண்ணெய்ப் பலகாரம் அதிகம் தின்னாதே என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர் "நன்று" என்று போட்டார். ஆனால் என் மகனிடம் நான் சொல்ல நினைப்பது அதில் ஒன்றுமே இல்லை. அதனால் மறுபடியும் எழுதுகிறேன். நீ வளர்ந்து, மீசை வைத்து, ஒரு காரியத்தில் என்ன செய்யலாம் என்று வீட்டில் உள்ளவர்கள் உன் வாயைப் பார்த்து நிற்கும் வயதில் இதைப் படி. செவ்வாய்ப்பேட்டையில் என் மாமனுடைய மளிகை மண்டிக்குப் பின்னால், மிளகாய் மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்திருக்கிறேன். தும்மல் வந்தால் தாவணியை வாயில் அடைத்துக்கொள்கிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். விடிந்ததும் அம்மாவை மெட்ராசுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோகிறோம். இங்கிலீஷ் பலகை படிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிப் போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சாமி. எதற்குப் பயப்படுகிறேன் என்று கேட்டால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தவரைக்கும் உனக்குச் சொல்கிறேன்.

என் அம்மா உனக்கு அம்மாயி. எங்கள் அப்பாவை நாங்கள் அய்யன் என்று கூப்பிடுவோம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் காடு. கடலையும் பருத்தியும் போடுகிறோம். என் அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. நான் மாமன் வீட்டில் தங்கி சேலத்தில் படிக்கிறேன், லீவுக்கு மட்டும் ஊருக்குப் போவேன். போன சித்திரையில் போனபோது அக்கா அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அரப்பு தேய்த்த கை கழுத்தருகே வந்ததும் நின்றது. "ஏம்மா, இங்க என்ன, நெல்லிக்காயாட்டம்?" என்றாள். அம்மா தொட்டுப் பார்த்தாள். அழுத்தினால் நகர்ந்ததாம். வலிக்கவே இல்லையாம். "வலியில்லாததுக்கு எதுக்குடி மெனக்கெடறே, தண்ணிய ஊத்து" என்றாள். மகனே, எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டது அந்த வலியில்லாததற்குத்தான். வலித்திருந்தால் மறுநாளே யாரிடமாவது காட்டியிருப்போம்.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் பொன்னுக்கு வீங்கி என்றார். குழந்தைகளுக்குக் காதுக்குக் கீழே கன்னம் வீங்குமே, அது. பொன்னைக் கேட்டு வீங்குகிறது என்று கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள், சில நாளில் வற்றிவிடும். எனக்கும் சின்ன வயதில் போட்டிருக்கிறார்கள். அய்யன் சிரித்தார். "கொழந்தைகளுக்கு வாரதுதானுங்க அது. இவ இன்னும் கொழந்தைன்னு நெனச்சுட்டிருக்கறா." சிரித்துக்கொண்டே அவர்தான் உள்ளே போய், அக்காவின் கல்யாணத்துக்கென்று செய்து வைத்திருந்த சங்கிலியை எடுத்து வந்தார். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கழுத்தைக் காட்டினாள். அப்படி ஒரு கனமான சங்கிலி அவள் கழுத்தில் அதற்குமுன் கிடந்ததில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டதை நானும் அக்காவும் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துச் சிரித்தோம்.

கட்டி வற்றியது. பொய் சொல்லவில்லை, நானே தொட்டுப் பார்த்தேன், சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சங்கிலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள். ஆடியில் கட்டி திரும்பி வந்தது, கூடவே இன்னொன்று. மறுபடியும் சங்கிலி. மறுபடியும் கொஞ்சம் வற்றியது. அதற்கப்புறம் அம்மா அதைக் கழற்றவே இல்லை. களை வெட்டப் போகும்போதும் கிடந்தது. ஊரில் பேச மாட்டார்களா? "மகளுக்குச் செஞ்ச நகைய ஆத்தாக்காரி தேச்சுப் பாக்கறா" என்று கிணற்றடியில் சொன்னதை அக்காவே கேட்டாள். அம்மாவின் காதுக்கும் போயிருக்கும். முந்தானையைக் கழுத்தோடு சுற்றி மறைத்துக்கொண்டு திரிந்தாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் உடம்பு சுடும், ராத்திரி வேர்த்துச் சேலை நனைந்து போகும், காலையில் ஒன்றுமில்லை. சில நாட்கள் தொடர்ந்து இப்படி இருக்கும், பிறகு கொஞ்ச நாள் சுத்தமாக நின்றுவிடும். உடம்பெல்லாம் அரிப்பு வேறு. சோளத்தட்டை வைத்து முதுகைச் சொறியச் சொல்வாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ஏறும் பாதைக்குக் கீழே, வேப்பிலை அடித்து மந்திரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கூட்டிப் போனார்கள். போய் வந்த மறுநாளே காய்ச்சல் நின்றது. அய்யன் அவருக்குச் சேவல் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சேவல் கொடுத்து வந்த பிறகு காய்ச்சல் திரும்பியது. பிறகு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போட்டார்கள், அதற்கும் ஒருமுறை நின்றது. இதில்தான் எனக்குக் குழப்பம், மகனே. எதுவுமே பலிக்காமல் போயிருந்தால் நாங்கள் சீக்கிரம் சுதாரித்திருப்போம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பலித்தது.

புரட்டாசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெண் டாக்டர் ஒருவர் வந்தார். வருஷத்துக்கொரு முறை வந்து பல், கண், தலையில் பேன் எல்லாம் பார்ப்பார். எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருத்தி கழுத்திலும் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். என் கழுத்தில் அவர் விரல் நின்றது. "இங்க ஒரு நெறி கட்டியிருக்கு" என்றார். என் தலையைக் குனியவைத்துப் பார்த்துவிட்டு, "தலையில புண்ணு இருக்கு, அதுக்குக் கட்டியிருக்கு. புண்ணு ஆறினா இதுவும் போயிடும்" என்று அடுத்தவளிடம் போய்விட்டார். நான் வரிசையை விட்டு அவர் பின்னாலேயே போனேன். "புண்ணே இல்லாம கட்டுமாங்க?" என்று கேட்டேன். யாருக்கு என்றார். சொன்னேன். எத்தனை நாளாக, வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா, இளைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே போனார். வலிக்காது என்று சொன்னபோது அவர் முகம் நான் எதிர்பார்த்த மாதிரி மலரவில்லை. "அம்மாவைக் கூட்டிட்டு வா. தீபாவளி கழியட்டும்னு இருக்காதே" என்றார்.

கூட்டி வந்தோம். எப்படிக் கூட்டி வந்தோம் என்பதே ஒரு பெரிய கதை. அக்காவுக்குச் சேலை பார்க்கலாம் என்று சொல்லித்தான் அம்மாவை பஸ் ஏற்ற முடிந்தது. டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார். அங்கேயும் இருந்தது, அம்மா எங்களிடம் சொல்லவே இல்லை. ஒரு கட்டியை மரத்துப்போக ஊசி போட்டு அறுத்து எடுத்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பதற்காக மெட்ராசுக்கு அனுப்பினார். பதில் வந்ததும் எங்களை வரச் சொன்னார். அம்மா, அய்யன், நான். அக்கா ஊரில் இருந்தாள்.

அன்றைக்கு டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். தப்பாக இருந்தால் நீ பெரிய படிப்புப் படித்துத் திருத்திக்கொள். ரத்தம் ஓடும் குழாய்கள் போக உடம்பில் இன்னொரு வகை மெல்லிய வாய்க்கால்கள் இருக்கின்றனவாம். அதில் நிறமில்லாத ஒரு நீர் ஓடுகிறது. அந்த வாய்க்கால்களில் அங்கங்கே நெறிகள் இருக்கின்றன, கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில், நெஞ்சுக்குள், வயிற்றுக்குள்கூட. உடம்புக்குள் கெட்டது ஏதாவது நுழைந்தால் அதைத் தடுத்து வைத்துச் சண்டை போடுவது நெறியின் வேலை. அதனால்தான் காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையில் நெறி கட்டுகிறது, தலையில் புண் வந்தால் கழுத்தில் கட்டுகிறது. சண்டை முடிந்ததும் வற்றிவிடும். அது நோய் இல்லை. அம்மாவுக்கு வந்திருப்பது அப்படி இல்லை. சண்டை போட வேண்டிய நெறியே நோயாகிவிட்டது. யாரும் கூப்பிடாமல் அதுவாகப் பெருகுகிறது, நிறுத்தத் தெரியாமல் பெருகுகிறது. லிம்போமா என்று பெயர் சொன்னார். புற்றுநோயில் ஒரு வகை என்றார்.

அய்யன் முதலில் கேட்டது, "கண்டமாலைங்களா?" என்பதுதான். காசநோய் கழுத்துக்கு வந்தால் கண்டமாலை என்பார்கள், அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். "இல்லை. காசம் இல்லை. ஒட்டாது" என்றார் டாக்டரம்மா. அய்யன் பெருமூச்சு விட்டார். "அப்ப யாருகிட்டருந்து வந்துச்சுங்க?" என்று நான் கேட்டேன். யாரிடமிருந்தும் வரவில்லை என்றார். ஏன் வந்தது என்றால், "எங்களுக்கும் தெரியாதும்மா" என்றார். அவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னதும் எனக்குத் தரை நழுவியது போல இருந்தது. சங்கிலி போட்டபோது வற்றியதே என்று அம்மா கேட்டாள். இந்த நோய் தானாகவே கொஞ்ச நாள் அடங்கும், பிறகு எழும்பும், காய்ச்சலும் அப்படித்தான், அடங்கும் சமயத்தில் எதைச் செய்திருந்தாலும் அதனால் அடங்கியது போலத்தான் தெரியும் என்றார். அம்மா அதை நம்பவில்லை. நானும் அன்றைக்கு முழுதாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. என் விரலே சுண்டைக்காய் அளவைத் தொட்டுப் பார்த்ததே.

மருந்து என்ன என்றால், மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே வைப்பார்களாம். எலும்பைப் படம் பிடிக்கும் அதே கதிர், அதைவிட வலுவாக, கட்டி இருக்கும் இடத்தில் பல நாள் வைக்க வேண்டும். "சுடுங்களா?" என்றாள் அம்மா. வைக்கும்போது சுடாது, கண்ணுக்கும் தெரியாது என்றார் டாக்டரம்மா. "சுடாது, கண்ணுக்கும் தெரியாது. அதுக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரரே தேவலாமுங்க. வேப்பலையாச்சும் கண்ணுல பட்டுது" என்றாள் அம்மா. டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். கதிர் வைத்தால் கட்டி கரையும். திரும்ப வராது என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். சிலர் சில வருஷம் நன்றாக இருக்கிறார்கள், சிலர் இல்லை. வைக்காமல் நாளைத் தள்ளினால் நெஞ்சுக்குள் இருக்கும் நெறிகளும் பெருத்து மூச்சை அடைக்கும். இந்த மாதமே போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "தை கழியட்டுமுங்க." அய்யன் தலையாட்டினார். "மெட்ராசுக்குப் போனா ஊருக்கே தெரியும். என்னான்னு கேப்பாங்க. ஒட்டாதுன்னு நாம சொன்னா ஆரு கேக்கறா? பெரியவளுக்குத் தாலி ஏறட்டும், மறுநாளே வாரேன்." அய்யன் என்னைப் பார்த்துச் சொன்னார், "அக்காகிட்ட வாயத் தொறக்காதே." அம்மாவின் உயிருக்கு எது நல்லதோ அதை அம்மாவே வேண்டாம் என்கிறாள், அய்யன் தலையாட்டுகிறார். தை மாதத்துக்குள் மூச்சு அடைத்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். பஸ் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடும்.

மகனே, நீயும் ஒரு நாள் இப்படி ஒரு இடத்தில் நிற்பாய். சொல்லாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள், அவர்கள் கெட்டவர்களாகவும் இருக்க மாட்டார்கள். எனக்கு எது சரி என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் யாருக்காக மறைக்கிறோமோ அவளைக் கேட்காமலே மறைக்கிறோமே என்பது மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கூறைச்சேலை எடுக்க அம்மாவும் அக்காவும் மாமன் வீட்டுக்கு வந்தார்கள். மொட்டைமாடியில் வடகம் எடுக்கும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாய்க்கால், நெறி, எக்ஸ்-ரே, தை மாதம். அவள் என் கையில் ஓங்கி அடித்தாள். "எதுக்குடி எங்கிட்டச் சொன்னே? தெரியாம இருந்தா நான் பாட்டுக்குக் கல்யாணம் பண்ணிட்டுப் போயிருப்பனே" என்றாள். பிறகு வடகத்தை எல்லாம் கீழே போட்டுவிட்டு அழுதாள். என்னிடம் அன்று முழுவதும் பேசவில்லை.

மறுநாள் ஜவுளிக்கடைக்குப் போனோம். அக்காவுக்கு மாமியாராகப் போகிறவர் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் சேலைகளை உதறி உதறி விரித்தார். அம்மா குனிந்து ஒரு சேலையின் கரையைத் தடவும்போது முந்தானை நழுவியது, சங்கிலி வெளியே வந்தது. அந்த அம்மா பார்த்துவிட்டார். "பரவாயில்லீங்க சம்பந்தி, பொண்ணு போடறதுக்குள்ள நீங்க போட்டுப் பழக்கி வெச்சிருக்கறீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள்.

அக்கா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். "அத்தை, எங்கம்மா ஆசைக்குப் போட்டுக்கிலீங்க. கழுத்துல நெறிக்கட்டி. மெட்ராசுக்குக் கொண்டுபோயி வைத்தியம் பாக்கோணும். தையில கல்யாணம் முடியாதுங்க" என்றாள். கடைக்காரர் எதையும் காதில் வாங்காமல், "அம்மிணி, இந்த அரக்குல ஒண்ணு பாருங்க" என்று இன்னொன்றை விரித்தார். யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்த அம்மா கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வேண்டுமென்று நகர்ந்திருக்க மாட்டார், ஆனால் நகர்ந்தார். "ஒட்டுவாரொட்டிங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. டாக்டரம்மா தெளிவாச் சொன்னாங்க. கண்டமாலையும் இல்லீங்க" என்று நான் சொன்னேன். "டாக்டரம்மா சொல்லுவாங்க கண்ணு. ஊர் வாய ஆரு மூடறது?" என்றார். எழுந்தார். "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி உடறோமுங்க" என்று அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மாமன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அம்மா அக்காவின் மேல் பாய்ந்தாள். "என்ற உசுர உங்கிட்டக் கேட்டனா நானு? உங்கிட்டக் கேட்டனா?" அக்கா சுவரோரமாக நின்றாள். "நீ கேக்கல. நான் கேக்கறேன். எனக்கு வேணும். புள்ளை பெத்தா ஆரு வந்து பாப்பா, அந்த அம்மாளா?" என்றாள். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கதவருகே நின்று என் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். எப்போதும் தடவுகிறேன். என் நெறி போய்விட்டது, தலைப் புண்ணும் ஆறிவிட்டது. ஆனாலும் படுக்கப் போகும் முன் ஒருமுறை தடவாமல் இருக்க முடியவில்லை.

அய்யன் ஊரிலிருந்து வந்தார். விஷயம் தெரிந்து என்னை ஒரு பார்வை பார்த்தார், அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. ஆனால் ரயிலுக்கு எல்லா ஏற்பாடும் அவரே செய்தார். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா கொடுத்த சீட்டை மடித்து இடுப்பு மடியில் செருகிக்கொண்டு, அது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இதுவரை ஒரு சேதியும் இல்லை. கல்யாணம் நடக்குமா, தள்ளிப்போகுமா, நின்றே போய்விட்டதா, யாருக்கும் தெரியாது. அக்காவிடம் கேட்டால், "யோசிக்கட்டும்" என்கிறாள். அவள் கண் வீங்கியிருக்கிறது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தையில் கல்யாணம். சொன்னதால் அம்மாவுக்கு நாளைக்கு ரயில். இரண்டையும் நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் ஒன்று இன்னொன்றைச் சரிக்கட்டவில்லை.

இன்று சாயங்காலம் அம்மா சங்கிலியைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள். "உன்றது. எடுத்து வை. மெட்ராசுல கூட்டத்துல காணாமப் போயிரும்" என்றாள். அக்கா வாங்கி, திரும்ப அம்மாவின் கழுத்திலேயே மாட்டினாள். "போட்டுக்கிட்டே போ. அங்க அவுங்க கழட்டச் சொன்னா இவகிட்டக் குடு. கட்டி கரைஞ்சா சங்கிலியாலதான் கரைஞ்சுதுன்னு நீயே சொல்லிக்கோ, நாங்க ஆரும் எதுத்துப் பேச மாட்டோம்." அம்மா சிரித்தாள். சிரிக்கும்போது இருமல் வந்தது. முன்பெல்லாம் இந்த இருமல் இல்லை. எங்கள் மூன்று பேருக்குமே அது கேட்டது.

உனக்குப் புத்தி சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். இப்போது பார்த்தால் எனக்கே புத்தி போதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வீட்டில் யாராவது, உன் பெண்டாட்டியோ பிள்ளையோ, இங்கே ஒரு கட்டி இருக்கிறது, வலிக்கவில்லை என்று சொன்னால், வலிக்காதே அப்புறம் என்ன என்று மட்டும் சொல்லிவிடாதே. அது வற்றினாலும் போய்க் காட்டு. பெரும்பாலும் தலைப் புண்ணுக்குக் கட்டியதாகத்தான் இருக்கும், சிரித்துக்கொண்டே திரும்பி வரலாம். அப்படி இல்லை என்று சொல்லிவிட்டால், ஊர் என்ன சொல்லும் என்பதற்கு முன்னால் டாக்டர் என்ன சொன்னார் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல். அதற்கப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு மனசு ஆறவில்லை, மகனே. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கட்டியைக் கரைக்குமா? கரைத்தாலும் உள்ளே நெஞ்சில் இருப்பதைக் கரைக்குமா? திரும்பி வந்தால் அப்போதும் மெட்ராஸ் போவோமா? டாக்டரம்மாவுக்கே தெரியாததை நான் யாரிடம் கேட்பேன்? நீ இதைப் படிக்கும்போது, இன்றைக்கு எனக்குத் தெரியாத அந்த ஒன்று உனக்குத் தெரிந்திருக்கும். உனக்கு அம்மாயியின் முகம் தெரியுமா, சாமி? அவள் குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நீ என்னைக் கேட்காமல் சொல்லுவாயா?

உன் அம்மா